முட்டுக்கட்டை

சென்ற மாதம் நான் ஒரு ஜாக்கி வாங்கினேன்.

சைக்கிளுக்கு மேல் சொந்தமாக ஒரு வாகனம் வைத்துக்கொள்ளாத மனிதன் நான். அப்படிப்பட்டவன் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடை வாசலில் வெயிலில் நின்று, பேரம் பேசி, பத்துக் கிலோவுக்குக் குறையாத ஓர் இரும்புச் சாமானைச் சாக்கில் சுற்றி ஆட்டோவில் ஏற்றுவதைப் பார்த்த என் இலக்கிய நண்பர் ஒருவர், “என்ன, லாரி விடப் போறீங்களா? கதை எழுதி வர்ற வரும்படி போதலியா?” என்று கேட்டார். போதவில்லைதான். ஆனால் ஜாக்கி எனக்கல்ல. என் தாய்மாமன் மகன் பழைய லாரி ஒன்றை வாங்கியிருக்கிறான். அதற்கு நான் கொடுக்கும் சீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு பெயரும் அதற்கு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த ‘ஜாக்கி’ என்ற சொல்லே ஒரு வேடிக்கை. குதிரைமேல் ஏறிக்கொண்டு பந்தயம் விடுகிறவனும் ஜாக்கிதான். லாரிக்கு அடியில் குந்திக்கொண்டு அதை முதுகில் தூக்குவதும் ஜாக்கிதான். இங்கிலீஷ்காரன் இதை ‘ஜாக்’ என்கிறான். எங்கள் பண்ருட்டிப் பலாப்பழத்துக்கும் அவன் அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறான். லாரிக்காரர்கள் அதோடு ஓர் இகரத்தைச் சேர்த்து, செல்லப்பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி ஆக்கிக்கொண்டார்கள். ஆனால் அது செல்லப்பிள்ளை அல்ல.

கடைக்காரர் ஐந்தாறு ஜாக்கிகளை வரிசையாக எடுத்து வைத்தார். எல்லாம் எண்ணெய் ஜாக்கிகள். பாட்டில் போன்ற உருவம். பக்கத்தில் ஒரு சின்னப் பம்பு. அதில் கம்பியைச் செருகி மேலும் கீழும் ஆட்டினால், நடுவிலிருக்கிற தண்டு அங்குலம் அங்குலமாய் எழும்புகிறது. ஒரு சோனிப் பையன் ஒற்றைக் கையால் பல டன்னைத் தூக்குவது மந்திரம் போலத்தான் இருக்கும். மந்திரம் ஒன்றுமில்லை. மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைக்கும் பரவும் என்று பிரெஞ்சு தேசத்துப் பாஸ்கல் பதினேழாம் நூற்றாண்டில் சொல்லிவிட்டுப் போனார். அதைப் பிடித்துக்கொண்டு 1795-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா என்பவர் நீர் அழுத்த யந்திரத்துக்கு உரிமை பெற்றார். பூட்டுச் செய்வதில் பெயர் வாங்கியவர் அவர். சின்ன உருளையில் கொடுத்த சிறு பலம், ஐம்பது மடங்கு பரப்புள்ள பெரிய உருளைக்கு அடியில் போய் ஐம்பது மடங்காகிவிடுகிறது. இதில் இனாம் எதுவும் இல்லை. பலத்தில் கிடைத்த லாபத்தைத் தூரத்தில் கொடுத்துத் தீர்க்க வேண்டும். ஓர் அங்குலம் தூக்க எத்தனையோ தடவை கம்பியை ஆட்ட வேண்டும். உலகத்தில் எனக்குப் பிடித்த நேர்மையான வியாபாரங்களில் இது ஒன்று.

“பத்து டன் போதும் சார், எதுக்கு இருபது?” என்றார் கடைக்காரர். அவர் சொன்னதில் பொய்யில்லை. நம் சர்க்கார் 2018-இல் எடை வரம்பை உயர்த்தியபோது, இரண்டு அச்சு லாரிக்குச் சுமையோடு மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆயிற்று. நான்கு டயர் மாட்டிய பின் அச்சுக்கு 11.5 டன். பஞ்சர் ஆனால் முழு லாரியையா தூக்குகிறோம்? பின் அச்சில் ஒரு பக்கம் மட்டும்தான். அப்படியானால் ஆறு டன்னுக்கு உட்பட்ட கணக்குத்தானே! காகிதத்தில் பத்து டன்னே தாராளம். ஆனால் லாரி காகிதத்தில் ஓடுவதில்லை. வரம்புக்குள் மட்டுமே சுமை ஏற்றுகிறவர்களை நான் வணங்குகிறேன். அவர்களில் பலரை நான் சந்தித்ததில்லை. சாலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் சுமையும் அந்தப் பக்கமே சாய்கிறது. பஞ்சராவது பெரும்பாலும் அந்தத் தாழ்ந்த பக்கத்து டயராகத்தான் இருக்கும். ஆகவே இருபது டன் என்றே சாதித்தேன்.

டன் கணக்கைவிட முக்கியமாக ஒன்று உண்டு. அதைக் கடைக்காரர்கள் சொல்லுவதில்லை. ஜாக்கி சுருங்கி நிற்கும்போது எவ்வளவு உயரம் என்பதுதான் அது. டயர் நிறையக் காற்றோடு இருக்கும் லாரியின் அடியில் அளவெடுத்துவிட்டு வந்து ஜாக்கி வாங்குகிறவன் புத்திசாலி அல்ல. ஜாக்கி வேண்டியிருப்பது டயர் சப்பையாகிப் போன பிறகல்லவா! அப்போது அச்சும் இறங்கியிருக்கும். சாலை ஓரத்து மணலில் சக்கரம் இன்னும் கொஞ்சம் புதைந்திருக்கும். ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகையும் போட்டாக வேண்டும். இதையெல்லாம் கழித்துக்கொண்டு மிஞ்சுகிற சந்துக்குள் ஜாக்கி நுழைய வேண்டும். நுழைந்தால் மட்டும் போதாது. புது டயர் மாட்டுகிற உயரத்துக்கு அது எழும்பவும் வேண்டும். நான் மாமன் மகனிடம் லாரியைக் காற்றிறங்கிய டயரோடு நிறுத்தச் சொல்லி, அச்சுக்குக் கீழே குச்சியை வைத்து அளந்து, அந்தக் குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். குச்சியோடு ஜாக்கி வாங்க வந்த முதல் ஆள் நான்தான் என்று கடைப் பையன் சிரித்தான்.

பிறகு நான் செய்ததெல்லாம் மாமாவிடம் கற்றது. தண்டை முழுக்க எழுப்பி, அதன்மேல் கீறல், துரு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது. அடிப் பக்கத்தில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பார்ப்பது. இறக்குகிற திருகைத் துளி துளியாகத் திறந்து, மெதுவாக இறங்குகிறதா, தொப்பென்று விழுகிறதா என்று பார்ப்பது. எண்ணெய் குறைந்தால் கையில் அகப்பட்ட பிரேக் ஆயிலை ஊற்றுகிறவர்கள் உண்டு. அது உள்ளே இருக்கிற ரப்பரை உப்ப வைத்துக் கெடுத்துவிடும். கசிகிற ஜாக்கியும் தூக்கத்தான் செய்யும். ஆனால் தூக்கிய இடத்தில் நிற்காது.

நிற்காத ஜாக்கி என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும்.

1996-ஆம் வருஷம், மே மாதம். தென்னார்க்காடு இரண்டாகப் பிரிந்து கடலூர் மாவட்டம் ஆகி மூன்று வருஷம்கூட நிறையவில்லை. நான் ப்ளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வருகிற வரையில் வீட்டில் சோற்றுக்கு வீணாய் உட்கார்ந்திருந்தேன். என் தாயாருக்கு நேர் இளையவர் மாமா, அப்போது நாற்பதை எட்டவில்லை, லாரி டிரைவர். “சும்மா குந்திக்கினு இருக்கான்; எங்கூட அனுப்பு அக்கா, நாலு ஊரு பாக்கட்டும்” என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கிளீனர் பையன் அம்மைபோட்டு ஊருக்குப் போயிருந்தான். அவனுடைய இடத்தில் நான்.

மாமா படித்தவரல்ல. ஆனால் காரியத்தில் அவருக்கிருந்த நிதானத்தை நான் எந்தப் படித்தவரிடமும் கண்டதில்லை. டயர் கழற்றுவதற்கு அவரிடம் ஒரு சாஸ்திரமே இருந்தது. முதலில் முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல். “ஹேண்ட் பிரேக் போட்டிருக்கே மாமா” என்றால் கோபம் வரும். “அது புடிக்கிறது பின் சக்கரத்தை. பின் சக்கரத்தையே அந்தரத்துல தூக்கிட்டா அப்புறம் அது எதைப் புடிக்கும், உன் மூக்கையா?” என்பார். அடுத்தது, டயர் தரையிலிருக்கும்போதே நட்டுகளை இளக்கிவிடுவது. மேலே தூக்கிய பிறகு ஸ்பேனர்மேல் ஏறி நின்று மிதித்தால் லாரி ஆடும். ஜாக்கிக்கு அடியில் பலகை. அக்கினி நட்சத்திரத்தில் தார் இளகிக் கிடக்கும். பலகை இல்லாவிட்டால் ஜாக்கி சாலைக்குள் இறங்குமே தவிர லாரி மேலே போகாது. பிறகு, ஓர் அங்குலம் தூக்கினால் ஓர் அங்குலத்துக்குக் கட்டை. புளியமரத்தில் அறுத்த கட்டைகள், அளவு அளவாக, ஆறேழு வைத்திருந்தார். அச்சுக்கு அடியில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக்கொண்டே வருவார். கடைசியில் பாரம் ஜாக்கியைவிட்டுக் கட்டையின்மேல் உட்கார்ந்த பிறகுதான் லாரிக்கு அடியில் கை போகும்.

“தூக்கறதுக்குத்தான் ஜாக்கி. தாங்கறதுக்குக் கட்டை. ரெண்டு வேலையும் ஒருத்தன்கிட்ட குடுக்காத” என்பார்.

இந்தக் கட்டைப் பைத்தியம் அவருக்கு எங்கே பிடித்தது என்று ஊகிக்க எனக்குச் சிரமமில்லை. நான் சிறு பையனாக இருந்தபோது ஆனித் திருமஞ்சனத் தேருக்கு என்னைத் தோளில் சுமந்துகொண்டு சிதம்பரத்துக்குப் போவார். மூலவரான நடராஜரே தேரேறி வீதிக்கு வருகிற ஊர் அது. விநாயகர், முருகர், நடராஜர், சிவகாமி அம்மன், சண்டிகேசுவரர் என்று ஐந்து தேர்கள் கீழ வீதியிலிருந்து புறப்பட்டு நான்கு வீதியும் சுற்றி வரும். எல்லாரும் சுவாமியைப் பார்ப்பார்கள். வடம் பிடிக்கிற கூட்டத்தைப் பார்ப்பார்கள். மாமா என்னைக் குனிந்து சக்கரத்தைப் பார்க்கச் சொல்லுவார். அங்கே ஆளுயரச் சக்கரத்துக்கு அருகில், முட்டுக்கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, தேரோடு தேராக நடக்கிறவர்கள் சிலர் இருப்பார்கள். தேர் ஒரு பக்கம் ஒதுங்கினால் சக்கரத்தின் கீழே கட்டையைக் கொடுத்துத் திருப்புவார்கள். வேகம் மிஞ்சினால் கட்டையைப் போட்டு நிறுத்துவார்கள். கொஞ்சம் பிசகினால் கை போகும், கால் போகும், உயிரே போகும். “இழுக்கறவன் ஆயிரம் பேரு மாப்ளே, நிறுத்தறவன் நாலு பேரு” என்பார் மாமா. திருவாரூர்த் தேருக்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்திருக்கிறது. அந்தப் பெரிய தேருக்கும் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கூட நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

முட்டுக்கட்டை என்ற சொல்லுக்கு நம் மேடைப் பேச்சாளர்கள் செய்திருக்கிற அநியாயத்தை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. ஒரு நல்ல காரியத்தைக் கெடுக்கிறவனை ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்று ஏசுகிறோம். தேர்க்காலடியில் உயிரைப் பணயம் வைத்துக் கட்டை போடுகிறவனை நேரில் பார்த்த ஒருவன் இந்த வசவைக் கண்டுபிடித்திருக்க முடியாது. வேகமாகப் போகிறதெல்லாம் முன்னேற்றம் என்று நினைத்த எவனோ ஒருவன்தான் இதைத் தொடங்கியிருப்பான்.

அன்றைக்குக் காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு, சிதம்பரம் தாண்டி, வெள்ளாற்றுப் பாலம் தாண்டிக் கடலூருக்கு வந்துகொண்டிருந்தோம். முட்லூர் போய், புதுச்சத்திரம் வருவதற்கு முன், இடது பக்கத்துப் பின் சக்கரத்தில் உள் டயர் போயிற்று. பொழுது மங்குகிற நேரம். லாரியை ஓரங்கட்டினார். கடலோரச் சீமை, சாலையை விட்டு இறங்கினால் மணல்.

மாமாவின் பழைய ஜாக்கி அதற்கு முந்திய வாரம்தான் கெட்டுப்போயிருந்தது. புதிதாகக் கேட்டதற்கு முதலாளி எங்கிருந்தோ ஒரு பழைய ஜாக்கியைத் தேடிக் கொடுத்திருந்தார். அதன் அடியில் எப்போதும் எண்ணெய் ஈரம் இருக்கும். மாமா அதைத் திட்டிக்கொண்டே உபயோகித்தார். கட்டைகள் இருக்கிற தைரியம்.

அந்தக் கட்டைகள் கேபினில், சீட்டுக்குப் பின்னால் கிடந்தன. அவற்றின்மேல் என் துணிப்பை, அதன்மேல் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் அன்று மத்தியானம் நான் வாங்கிய ஒரு மாத நாவல். பாதி படித்திருந்தேன். கதாநாயகி கிணற்றங்கரைக்குப் போகிற இடத்தில் லாரி நின்றுவிட்டது. கல் வைத்தேன், பலகை போட்டேன், நட்டு இளக்கினோம். அந்த லாரியில் இடப்பக்கத்து நட்டுகள் எதிர்ப்பக்கம் திருகினால்தான் கழலும். அதற்கே என் உயிர் போயிற்று. மாமா தூக்கத் தொடங்கியதும், “கட்டை எடுத்தாந்து அடுக்கு” என்றார். நான் கேபினில் ஏறினேன். உள்ளே விளக்கைப் போட்டேன்.

நாவலைக் கையில் எடுத்தேன். ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம் என்றுதான் எடுத்தேன்.

கீழேயிருந்து அவர் வெளி டயரைக் கழற்றி உருட்டுகிற சத்தம் கேட்டது. கழற்றிய சக்கரத்தை அப்படியே அச்சுக்கு அடியில் படுக்க வைப்பது அவர் வழக்கம். கட்டை இருந்தாலும் அதையும் செய்வார். அடுத்து உள் டயரையும் இழுத்துவிட்டார். ‘டிரம்’முக்கு அடியில் எதையோ பார்க்கக் குனியப் போனவர், என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்:

“கட்டை வச்சிட்டியாடா?”

“வச்சிட்டேன் மாமா.”

இந்த இரண்டு சொற்களை நான் ஏன் சொன்னேன் என்று இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக யோசித்திருக்கிறேன். கெட்ட எண்ணம் கிடையாது. இறங்கிப் போய் வைத்துவிட்டால் பொய் மெய்யாகிவிடும் என்கிற நினைப்பு. அந்தப் பக்கத்தில் இன்னும் நாலு வரி பாக்கி. அவர் இருட்டில் கையை நீட்டித் தடவிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. நான் சொன்னதை நம்பினார்.

மணலில் பலகையின் ஒரு முனை இறங்கியிருக்கிறது. ஜாக்கியும் மெல்லத் தணிந்துகொண்டே வந்திருக்கிறது. ஒரு பெரிய பஸ் பக்கத்தில் விரைந்து போன அதிர்ச்சியில் லாரி ஒரு குலுக்குக் குலுங்கிற்று. ஜாக்கி பக்கவாட்டில் சரிந்தது. நான் கேபினில் ஒரு சாண் கீழே போனதை உணர்ந்தேன். அதற்கப்புறம்தான் சத்தம் கேட்டது.

அவர் படுக்க வைத்த சக்கரத்தின்மேல் டிரம் வந்து உட்கார்ந்திருந்தது. அந்தச் சக்கரம் மட்டும் இல்லாவிட்டால் தோள்பட்டையோ தலையோ போயிருக்கும். சக்கரத்தின் இரும்பு விளிம்புக்கும் டிரம்முக்கும் நடுவே அவருடைய இடது கை. எதிரே வந்த ஒரு லாரிக்காரர்கள் நிறுத்தி, தங்கள் ஜாக்கியைப் போட்டுத் தூக்கி அவரை விடுவித்தார்கள். அவர்களில் பெரியவர் ஒருவர், “கட்டை இல்லியாப்பா வண்டில?” என்று கத்தினார். நான் கேபினில் ஏறிக் கட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே எடுத்துப் போட்டேன். கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு சாலையில் உட்கார்ந்திருந்த மாமா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சிதம்பரத்துக்குத் திரும்பி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மோதிர விரலும் சுண்டு விரலும் போயின. இடது கை என்றால் கியர் போடுகிற கை. மூன்று மாதத்தில் மூன்று விரலால் கியர் போடப் பழகிக்கொண்டு மறுபடியும் லாரி ஏறினார். என் தாயார் அழுதுகொண்டு கேட்டபோதும், முதலாளி கேட்டபோதும், கல்யாண வீடுகளில் யார் யாரோ கேட்டபோதும் அவர் சொன்ன பதில் ஒன்றேதான்: “ஜாக்கி சரிஞ்சிடுச்சி.” அது பொய்யில்லை. அதனால்தான் எனக்கு அதைத் தாங்க முடிவதில்லை. என் பங்கை நான் வாய்விட்டு அவரிடம் சொன்னதேயில்லை. இப்போது எழுதுகிறேன், மாமா பத்திரிகை படிப்பதில்லை என்கிற தைரியமும் இதில் கலந்திருக்கிறது.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் எங்கள் ஜில்லாவைத் துவைத்துப் போட்டபோது, எங்கள் தெருவில் ஓர் ஓட்டு வீட்டின் உத்தரம் சாய்ந்துவிட்டது. உள்ளே நெல், பாத்திரம், ஒரு கிழவியின் டிரங்குப் பெட்டி. மாமாதான் ஜாக்கியை எடுத்துக்கொண்டு போய், அங்குலத்துக்கு அங்குலம் கட்டை கொடுத்து, அந்த உத்தரத்தை நிமிர்த்தினார். நான் கட்டை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு கட்டைக்கும் “வச்சிட்டேன்” என்று சொல்லுவேன். ஒவ்வொரு தடவையும் அவர் குனிந்து தொட்டுப் பார்த்துக்கொண்டார். சாலை உயர்ந்து உயர்ந்து வீடுகள் பள்ளத்தில் அகப்பட்டுக்கொண்ட ஊர்களில், முழு வீட்டையே நூற்றுக்கணக்கான ஜாக்கிகளால் தூக்குகிறார்களே, அங்கேயும் இதே கதைதான். ஜாக்கி கொஞ்சம் தூக்கும். செங்கல் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஜாக்கி வீட்டுக்குப் போய்விடும்.

ஒரு குறை சொல்ல வேண்டும். டயர் மாற்றி முடித்ததும், சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லைச் சாலையிலேயே விட்டுவிட்டுப் போகிற லாரிக்காரர்கள் இருக்கிறார்கள். இரவில் அந்தக் கல்லின்மேல் மோதி விழுகிற மோட்டார் சைக்கிள்காரனுக்கு அது யார் வைத்த கல் என்று தெரியாது. மாமா கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டு, சாலையில் ஒடித்துப் போட்ட தழையையும் வாரி எறிந்த பிறகுதான் வண்டியில் ஏறுவார். இன்று முக்கோணப் பலகை இருக்கிறது, மின்னுகிற விளக்கு இருக்கிறது. கல்லை எடுக்கிற புத்திதான் அப்படியே இருக்கிறது.

ஜாக்கியோடு மாமா வீட்டுக்குப் போனேன். அவருக்கு இப்போது அறுபத்தாறு, அறுபத்தேழு இருக்கும். திண்ணையில் உட்கார்ந்தபடியே அதை வாங்கி, மூன்று விரலால் திருகை இறுக்கி, பம்பை நாலு ஆட்டு ஆட்டி, தண்டைத் தடவி, திருகைத் திறந்து, அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாருக்கு. எத்தினி குடுத்த?”

சொன்னேன். ஏமாந்துவிட்டேன் என்றார்.

மகனைப் பார்த்து, “கட்டை எங்கடா?” என்றார்.

“ஸ்டாண்டு வாங்கிக்கலாம்ப்பா. கடையில இரும்பு ஸ்டாண்டு விக்கிறான்” என்றான் அவன். நியாயமான பேச்சுதான், எடை தாங்கும் நல்ல ஸ்டாண்டு கட்டையைவிட மட்டமல்ல. மாமாவும் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே நாங்கள் இரண்டு பேரும் மரவாடிக்குப் போய்ப் புளியங்கட்டை ஆறு துண்டு அறுத்துக்கொண்டு வந்தோம். வெடிப்பில்லாததாகப் பார்த்து எடுத்தோம்.

“எப்படி அடுக்கறதுன்னு மச்சானைக் கேட்டுக்க” என்று மகனிடம் சொன்னார் மாமா. “அவனுக்குத் தெரியும்.”

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரிக்கு அடியில் குந்தினேன். முதல் இரண்டு கட்டை நெடுக்கே. அதன்மேல் இரண்டு குறுக்கே. மாமன் மகன் பம்பை ஆட்டினான்; அச்சு எழும்பிற்று; நான் மூன்றாவது அடுக்கைக் கொடுத்தேன்.

“வச்சிட்டியாடா?” என்று திண்ணையிலிருந்து குரல் வந்தது.

“வந்து பாருங்க மாமா” என்றேன்.

அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக இறங்கி வந்தார்.